விண்வெளியில் இயற்கை உபாதைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எடையற்ற நிலையில் கழிவறை எவ்வாறு இயங்குகிறது?

பதில்: பூமியில் தண்ணீரும் ஈர்ப்பு விசையும் செய்யும் வேலையைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்று செய்கிறது. மின்விசிறி காற்றை உள்நோக்கி இழுப்பதால், சிறுநீர் புனல் பொருத்திய குழாய்க்குள்ளும், மலம் இருக்கையின் சிறு துளைக்குக் கீழுள்ள பைக்குள்ளும் சென்றுவிடுகின்றன. மிதந்து விலகாமலிருக்கக் காலை நுழைத்துக்கொள்ளப் பிடிப்புகளும் உண்டு. 2020-இல் அனுப்பப்பட்ட புதிய கழிவறையில் பெண்களின் வசதிக்கேற்பப் புனலும் இருக்கையும் திருத்தப்பட்டன. எப்போதோ செய்திருக்க வேண்டிய திருத்தம் அது.

கேள்வி: சிறுநீரையே குடிநீராக்குகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். சேகரித்த சிறுநீரில் முதலில் அமிலமும் ஆக்சிஜனேற்றியும் சேர்க்கப்படுகின்றன. எடையற்ற நிலையில் நீராவியும் திரவமும் தாமாகப் பிரியாது என்பதால், குறைந்த அழுத்தத்தில் சுழலும் உருளை ஒன்றில் அது காய்ச்சி வடிக்கப்படுகிறது. பிறகு வடிகட்டிகளையும் வினையூக்கி உலையையும் கடந்து, கிருமி வளராதிருக்க அயோடின் சேர்க்கப்பட்டே குடிநீராகிறது. இந்தக் கருவிக்குத் தொல்லை தந்தது விண்வெளி வீரர்களின் எலும்புதான் என்றால் வியப்பாக இருக்கும். எடை தாங்கும் வேலையில்லாத எலும்புகள் இழக்கும் கால்சியம் சிறுநீரில் கலந்து, அதில் சேர்த்த கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து, கால்சியம் சல்பேட்டாகப் படிந்து வடிப்பானை அடைத்துவிட்டது. அதன் பின்னரே பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எஞ்சும் அடர்கரைசலிலிருந்தும் நீரைப் பிரித்தெடுத்ததன் மூலம், மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரத்தையும் சேர்த்து 98 விழுக்காடு நீரை மீட்டிருப்பதாக 2023-இல் நாசா அறிவித்தது.

கேள்வி: மலத்தையும் மறுசுழற்சி செய்கிறார்களா?

பதில்: இல்லை. பைகளில் கட்டி, கலன்களில் அடைத்து, குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அது வளிமண்டலத்துக்குள் நுழையும்போது எரிந்துபோகிறது.

கேள்வி: நிலவுக்குச் சென்றவர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: அப்பல்லோ விண்கலங்களில் கழிவறையே இல்லை. விளிம்பில் பசையுள்ள ஒரு பையை உடலில் ஒட்டிக்கொண்டு மலம் கழிக்க வேண்டும். வாயு உண்டாகிப் பை வெடித்துவிடாதிருக்க, கிருமிநாசினியை அதிலிட்டு வெளிப்புறமாகக் கையால் பிசையவும் வேண்டும். 1969-இல் அப்பல்லோ 10 பயணத்தின்போது மலத்துண்டு ஒன்று அறைக்குள் மிதந்ததும், அது தன்னுடையதல்ல என்று வீரர்கள் வாதிட்டதும் நாசாவின் உரையாடல் பதிவிலேயே இடம்பெற்றுள்ளன.

கேள்வி: விண்வெளி நடையின்போது?

பதில்: பெரியவர்களுக்கான டயாபரைப் போன்ற உள்ளாடைதான். ஆறேழு மணி நேர நடைக்கு இடையில் உடையைக் கழற்ற வழியில்லை. ஏவுதலின்போதும் தரையிறங்கும்போதும் அதையே அணிகிறார்கள்.