அந்தமானில் கடைசி நாள்: ஹேவ்லாக்கிலிருந்து வீடு வரை

"தீவுச் சுற்றுலாவின் கடைசி நாளை எப்படித் திட்டமிடுவது? கூட வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா, மனைவி, மகளோடு அந்தமான் போய்வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி இரவை ஹேவ்லாக் தீவில் வைக்காதீர்கள், விமான நிலையம் இருக்கிற தலைநகர் போர்ட் பிளேரில் வையுங்கள். (2018 முதல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப், 2024 முதல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான் அதிகம் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஹேவ்லாக்கில் விமான நிலையம் கிடையாது, கிட்டத்தட்ட எல்லோரும் கப்பலில்தான் திரும்ப வேண்டும். தனியார் வேகப் படகு என்றால் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பல் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும். காற்று பலமாக அடித்தால் இரண்டுமே நின்றுவிடும். போர்ட் பிளேர் ஓடுதளமோ கடற்படையோடு பகிர்ந்துகொள்வது. விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலுக்குள் கிளம்பிவிடுகின்றன. காலைப் படகைப் பிடித்து மதிய விமானம் ஏறிவிடலாம் என்று போடுகிற திட்டம் கணக்குக்குச் சரியாகத்தான் வரும். எங்கள் விடுதியில் இருந்த ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் அப்படித்தான் போட்டிருந்தது. காற்று எச்சரிக்கை வந்த ராத்திரி அந்தக் குடும்பத்துப் பெரியவர் வராந்தாவில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் படகு ஓடிவிட்டது என்றாலும், கடைசி ராத்திரியை அவர் அனுபவிக்கவே இல்லை.

சரி, ஹேவ்லாக்கின் கடைசிக் காலை. அதைச் சூரிய உதயத்துக்குக் கொடுங்கள். நம் கடிகாரம் ஓடுவது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து. அந்தமான் அதற்குப் பத்து பாகைக்கும் மேல் கிழக்கே தள்ளி இருப்பதால் டிசம்பரிலேயே ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், மே மாதத்தில் இன்னும் முன்னால். எல்லோரும் பேசுகிற ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, அது சாயங்காலத்துக்கானது. காலைக்குக் கிழக்குக் கரைக்குப் போங்கள். காலாபத்தர் அல்லது விஜய் நகர்.

நாங்கள் விஜய் நகர் போனபோது நீர் வற்றியிருந்தது. அங்கே வற்றம் என்றால் கடல் வெகுதூரம் உள்ளே போய், பாறையும் பவளத்திட்டும் வெளியே தெரியும். முழங்காலுக்கும் கீழே தண்ணீர், கண்ணாடி மாதிரி. முட்டி வலியோடு படகில் வந்த அம்மா அங்கே யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். நான் அந்தப் பயணத்தில் மறக்கவே விரும்பாதது அந்த நடைதான்.

மகள் ஒரு சங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பழுப்பு நிறம், சுண்டுவிரல் நகம் அளவுதான். "பாட்டி, இது எனக்கு" என்றாள். "ஆடாம வச்சிரு கண்ணு, பாப்போம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சங்கின் வாயிலிருந்து முடி மாதிரி இரண்டு மீசைகள் நீண்டன, பின்னாலேயே கால்கள். குட்டி நண்டு ஒன்று வீட்டைத் தூக்கிக்கொண்டு அவள் கட்டைவிரல் பக்கம் நடக்க ஆரம்பித்தது. இந்த வகை நண்டுக்கு வயிற்றுப் பக்கம் ஓடு கிடையாது. செத்த நத்தைகளின் சங்குகளில் குடியிருந்து, வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாறிக்கொண்டே போகும். நாம் பையில் போட்டுக்கொண்டு வருகிற காலிச் சங்கு அதற்கு வாடகை இல்லாத வீடு. அம்மா இதைச் சொன்னதும் மகள் குனிந்து அதைத் தண்ணீரிலேயே விட்டாள்.

கடைசி நாளில்தான் எல்லோருக்கும் "ஞாபகத்துக்கு ஒண்ணு" என்று கை நீளும். தயவுசெய்து வேண்டாம். பவளப்பாறைத் துண்டு, அது செத்து வெளுத்ததாக இருந்தாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்துவரக் கூடாது. சங்குகளிலும் பல வகைகள் அந்தச் சட்டத்தில் வருகின்றன. வாங்கியே ஆக வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதைக் கைப்பையிலேயே வையுங்கள். விமான நிலையச் சோதனையில் எங்களுக்கு முன்னால் நின்ற புதுமணத் தம்பதியின் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பவளத் துண்டுகளை வெளியே எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் இருந்த இருப்பைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இதைப் படகுத்துறையிலேயே ஒருவர் ஒவ்வொரு பயணியிடமும் வாய்விட்டுச் சொன்னால் எத்தனையோ துண்டுகள் கரையிலேயே கிடக்கும்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: கடைசி நாளில் ஸ்கூபா (முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது) வேண்டாம். ஆழத்தில் சுவாசிக்கும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் அதிகமாக உடம்பில் கரைகிறது, அது மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பது போன்றது. அவசரப்பட்டு ஏறினால் அந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டு வலியில் தொடங்கி நரம்புப் பாதிப்பு வரைக்கும் போகலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர்கள் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் உலகத்தின் பொது விதி. நான் முழுசாக ஒரு நாள் விடச் சொல்வேன். மூச்சுக்குழாய் வைத்து மேலேயே மிதக்கிற ஸ்நார்க்லிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

படகுப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏசி அறை, மூடிய ஜன்னல், வாந்திக்கு ஒரு பை. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள்.

போர்ட் பிளேரில் அந்தச் சாயங்காலம் எங்களுக்குப் போனஸ் மாதிரி ஆயிற்று. ஆட்டோவில் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு ஓட்டுநர் தமிழில் "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். "விருதுநகர் தம்பி. நீங்க?" "தாத்தா பரமக்குடிங்க. கப்பல்ல வந்தவரு, இங்கயே தங்கிட்டாரு. நான் இன்னும் பரமக்குடி பாத்ததில்ல." அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, வழி முழுக்க அவருக்குப் பரமக்குடியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவரே எங்களை வெற்றிமலை முருகன் கோயிலில் கொண்டுபோய் இறக்கினார். கடற்கரையும் சிறையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வது தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு அது வருத்தம்தான்.

மறுநாள் சென்னை விமானத்தில் முடிந்தால் இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். மேலே ஏறிய சில நிமிடங்களில் எங்களுக்கு வடக்கு சென்டினல் தீவு தெரிந்தது. முழுக்க அடர்ந்த காடு, ஓரத்தில் நூல் கட்டினாற்போல் வெள்ளை மணல். ஒரு கூரை, ஒரு பாதை கண்ணில் படவில்லை. அதைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் நெருங்கக் கூடாது. அங்கே இருக்கிற பழங்குடி மக்களுக்கு நம் சாதாரண சளி, காய்ச்சலே ஆளைக் கொல்லும், அவர்களும் வெளியாட்களை வரவிடுவதில்லை. அவர்களை அப்படியே விட்டுவைத்திருப்பது நம் நாடு செய்கிற நல்ல காரியங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் சென்னை. விமான நிலையத்திலேயே மெட்ரோ இருப்பதால் பெட்டிகளோடு அலைச்சல் இல்லை. டிசம்பர் என்றால் சாயங்காலம் ஐந்தே காலுக்குள் அந்தமானில் சூரியன் மறைந்து பழகிய உடம்புக்கு, சென்னையில் ஐந்தேமுக்கால் வரை நீள்கிற வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்த மாதிரி இருக்கும். உப்புத் துணிகளைப் போர்ட் பிளேரிலேயே நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருந்ததால் வீட்டுக்கு வந்ததும் வேலை குறைவு. அம்மா குளித்துவிட்டு ரசம் வைத்தார், சாப்பிட்டுத் தூங்கினோம்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் போவதாக இருந்தால் தென்மேற்குப் பருவக் காற்று, படகு நிற்க வாய்ப்பு அதிகம். அப்போது போர்ட் பிளேரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு இரவு வையுங்கள்.