மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் பிட்கொயின் ஏறுமா?

வணக்கம் ஹட்டன் சகோதரரே. 2025 மே மாதம் நம் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை 7.75 சதவீதமாகக் குறைத்த அதே வாரத்தில் பிட்கொயின் புதிய உச்சம் தொட்டதைப் பார்த்து, நிலையான வைப்பை உடைத்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டுக்கும் தொடர்பில்லை.

பிட்கொயின் விலை டொலரில் தீர்மானமாகிறது. அதைப் பெரிதும் அசைப்பது அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ். 2022 மார்ச்சில் பூச்சியத்துக்கு அருகில் இருந்த வட்டியை அவர்கள் 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதம் வரை ஏற்றினார்கள். பாதுகாப்பான அமெரிக்கத் திறைசேரி உண்டியலே (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) நல்ல வட்டி தரும்போது, வட்டியே இல்லாத நாணயத்தில் பணம் ஏன் தங்கும்? 2021 நவம்பரில் சுமார் 69,000 டொலராக இருந்த பிட்கொயின், ஒரு வருடத்தில் 16,000 அளவுக்கு விழுந்தது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தின் சரிவும் அதில் சேர்த்தி.

வட்டி குறையும் என்று சந்தை முன்பே எதிர்பார்த்திருந்தால், அறிவிப்பன்று விலை இறங்கவும் கூடும். எதிர்பாராத பகுதிதான் விலையை நகர்த்தும். ஆகவே சந்தையின் எதிர்பார்ப்பைக் காட்டும் அமெரிக்க 2 வருடப் பிணைமுறி (அரசுக் கடன் பத்திரம்) வட்டியைக் கவனியுங்கள். பெடரல் அறிவிப்பு நம் நேரப்படி கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அந்த ஒரு மணி நேரம் கடன் வாங்கி வர்த்தகம் செய்யவே வேண்டாம். விலை இரு பக்கமும் வெட்டும்.

பிட்கொயின் வாங்கும்போது உள்ளூர் வட்டி உங்களைத் தொடுவது, டொலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு வழியாகத்தான். வைப்பை உடைக்காதீர்கள்: முன்கூட்டி எடுத்தால் வட்டி வெட்டப்படும். வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்கவும் இங்கே அனுமதியில்லை.