பெரிய காசிலிருந்து எண்ணுங்கள்: மும்பை வாசகர்களின் சில்லறைக் கேள்விகள்

செம்பூரிலிருந்து ஓர் அம்மா: 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களால் 10 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? ஐந்தாம் வகுப்பு வீட்டுப்பாடம். மகளுக்கு 9 வந்தது, எனக்கு 10. எது சரி சார்?

சரியான விடை 11 அம்மா. மனதில் தோன்றுகிறபடி எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். பெரிய காசிலிருந்து இறங்குங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று: 1 வழி. இரண்டு ஐந்து: 1 வழி. ஒரே ஐந்து என்றால் மீதி 5 ரூபாயில் இரண்டு ரூபாய் நாணயம் 0, 1, 2 என 3 வழி. ஐந்தே இல்லாவிட்டால், 0 முதல் 5 வரை 6 வழி. ஒரு ரூபாயை எண்ணவே வேண்டாம், மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். தரையில் காசைப் பரப்பி அவளையே அடுக்கச் சொல்லுங்கள்.

அவரே: 20 ரூபாய் நாணயமும் சேர்ந்து, 20 ரூபாய்க்கு?

41. அதே முறைதான்.

தாராவியில் இட்லிக் கடை வைத்திருப்பவர்: ஒரு ரூபாய் கைக்கு வருவதே இல்லை அண்ணா. 2-ம் 5-ம் மட்டும் இருந்தால் எந்தச் சில்லறை தர முடியாது?

1-ம் 3-ம் மட்டும்தான். இரட்டைப்படைத் தொகையை இரண்டு ரூபாய்களாலேயே கொடுத்துவிடலாம். ஒற்றைப்படை என்றால் ஓர் ஐந்து, மீதி இரண்டுகள். 3 தர வேண்டியிருந்தால் ஐந்தைக் கொடுத்து இரண்டைத் திரும்ப வாங்குங்கள். 1 என்றால் ஐந்தைக் கொடுத்து, இரண்டு ரூபாய் நாணயம் இரண்டைத் திரும்ப வாங்குங்கள். 'சுட்டா (சில்லறை) இல்லை' என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர், முலுண்டு: குறைந்த நாணயங்களில் தொகை தர, முடிந்தவரை பெரிய நாணயத்தையே முதலில் எடுக்கும்படி கணினி நிரல் எழுதினேன். எல்லா நாட்டு நாணயத்துக்கும் இது பொருந்தாது என்கிறார் ஆசிரியர். ஏன்?

அவர் சொல்வது சரி தம்பி. இன்றைய 1, 2, 5, 10, 20-க்கு உங்கள் நிரல் தவறாது. ஆனால் நம் நாட்டிலேயே ஒரு காலத்தில் தவறியிருக்கும். 25 பைசா புழக்கத்தில் இருக்கும்போதே, 1968-இல் 20 பைசாவும் வந்தது. 40 பைசா கேட்டால் உங்கள் நிரல் 25, 10, 5 என்று மூன்று காசு தரும். இரண்டு 20 பைசா போதுமே! பெரியதை அவசரமாக எடுத்ததால் நல்ல வழி அடைபட்டுவிட்டது.

இதற்கு 1 பைசாவிலிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் 'கடைசியாக வைத்த காசு எது?' என்று கேளுங்கள். 40-இல் கடைசிக் காசு 25 என்றால் மீதி 15-க்கு இரண்டு காசு, ஆக மூன்று. 20 என்றால் மீதி 20-க்கு ஒன்று, ஆக இரண்டு. எல்லாக் காசையும் இப்படிப் பார்த்து, மிகக் குறைந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அடுத்த தொகைக்குப் போங்கள். முன்பு குறித்ததே பின்னால் உதவும், திரும்பக் கணக்கிட வேண்டாம்.

இட்லிக் கடைக்காரர்: சேர்ந்த நாணயங்களை மாவு கொடுப்பவரிடம் மொத்தமாகக் கொடுக்கலாமா?

1000 ரூபாய் வரை கொடுக்கலாம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் அதுவரை செல்லும் என்கிறது 2011 நாணயச் சட்டம். அதற்கு மேல் அவர் மனம் வைத்தால்தான்.