பழைய உளி, இழைப்புளி வாங்குவது: கேள்வி பதில்

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த ஸ்டான்லி கம்பெனி இழைப்புளி ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: துரு போய்விடும், விரிசல் போகாது. பிளேடைக் கழற்றிவிட்டு, அடித்தட்டில் அது வெளியே எட்டிப் பார்க்கும் வாயின் இரண்டு ஓரங்களையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். கீழே விழுந்த இழைப்புளி பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். உடம்பு வார்ப்பிரும்பு, பற்றவைத்துத் தந்தாலும் வேண்டாம். வெறும் உடம்பை விரலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அப்புறம் பிளேடு: நீள்துளைக்குக் கீழே ஓர் அங்குலமாவது எஃகு மிச்சம் இருக்கட்டும். திருகுகளையும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லியின் சில மரை அளவுகள் நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்காது.

கேள்வி: துருவை கிரைண்டரில் எடுக்கலாமா?

பதில்: கூடாது. கூர்முனை சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பிரஷால் தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: உளியில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று அடித்திருக்கிறது. வார்ப்பிரும்பு உளி உடைந்துவிடாதா?

பதில்: தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்! அது வார்ப்பிரும்பு இல்லை, மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய எஃகு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கொண்டுவந்த முறை. மூசையில் எஃகு செய்த தடயங்கள் நம் ஈரோடு பக்கத்துக் கொடுமணலிலேயே கிடைத்திருக்கின்றன, அதுவும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. இப்படி முத்திரை உள்ள முக்கால் அங்குல உளி ஒன்றைப் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கினேன். பூவரசில் கைப்பிடி போட்டேன். தேக்கின் குறுக்குவெட்டில் வைத்துத் தள்ளினால் வெட்டிய இடம் மெழுகு தேய்த்த மாதிரி மின்னுகிறது.

கேள்வி: சீமைப் பெயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? எங்கள் ஊர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளி இருபது வருடமாக உழைக்கிறது.

பதில்: உழைக்கும், ஒப்புக்கொள்கிறேன். துளை அடிக்கிற கனமான உளிக்கும் வாய்ச்சிக்கும் பட்டைதான் சரி, அடி தாங்கும். ஆனால் அதில் கரி (கார்பன்) சுமார் 0.6 சதவீதம்தான். மெல்லிய கூர் நெடுநேரம் நிற்க ஒரு சதவீதத்துக்குப் பக்கம் வேண்டும்.

கேள்வி: (அவரே) தோய்ச்சல் (காய்ச்சி முக்கிப் பதமேற்றுவது) சரியாக இருந்தால் 0.6-ம் போதும். உங்கள் சீமை உளிகளிலும் மொக்கை இல்லையா?

பதில்: இருக்கிறது. தோய்ச்சல் கெட்டால் எந்த எஃகும் வீண் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனாலும் சீவுகிற வேலைக்கு என் கை பழைய உளியைத்தான் தேடுகிறது. உங்கள் ஆசாரி இன்னும் பட்டறை நடத்துகிறார் என்றால் எனக்கும் ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய ரம்பம்?

பதில்: பல் தேய்ந்திருந்தால் அரம் போட்டுக்கொள்ளலாம். தகடு மடங்கியிருந்தால் வேண்டாம்.

கேள்வி: பழைய டிரில் மிஷின் வாங்கலாமா?

பதில்: எனக்குத் தெரிந்த துறை இல்லை. மோட்டார் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு விலை கொடுக்கலாம்?

பதில்: இதை மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். பொருளைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்.

கேள்வி: மெதுவாகப் பிடித்தால் கிரைண்டர் பரவாயில்லையா?

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன், கூடாது.

கேள்வி: படிப்பதற்கு முன்பே பிடித்துவிட்டேன். முனையில் கால் அங்குலம் நீலம்.

பதில்: உளி போய்விடவில்லை. அந்தக் கால் அங்குலத்தைக் கல்லில் கையாலேயே தேய்த்து எடுங்கள், அடிக்கடி தண்ணீர் விட்டு. இரண்டு மூன்று நாள் ஆகலாம். நீலத்தைத் தாண்டியதும் நல்ல எஃகு வந்துவிடும்.