இரட்டை செலரான்: இரண்டாவது ப்ராசஸர் எங்கே போனது?

கேள்வி: மாமா நடத்திவந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைக் காலி செய்தபோது ஏபிட் பிபி6 மதர்போர்டு ஒன்றும், 366 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செலரான் இரண்டும் பரணிலிருந்து கிடைத்தன. ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் கார்டும் புதிதாக ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கி, விண்டோஸ் 98 போட்டேன். ஒரே ஒரு ப்ராசஸர்தான் தெரிகிறது. 256 எம்பி ராமை 128 என்று காட்டுகிறது. கேம் ஓடும்போது பத்து நிமிடத்தில் உறைந்துவிடுகிறது, சில சமயம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டாவது ப்ராசஸர் பழுதா? 566 மெகாஹெர்ட்ஸ் செலரான் ஜோடி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி மாற்றிவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வாங்காதீர்கள். உங்கள் இரண்டாவது ப்ராசஸர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ராமும் கெட்டுப்போயிருக்காது. நீங்கள் எழுதியிருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சங்கதிகள். ஒரே பெட்டியில் ஒரே நாளில் தெரிந்ததால் ஒரே நோய் மாதிரித் தோன்றுகிறது. அவற்றில் உடனே கவனிக்க வேண்டியது அந்த ரீஸ்டார்ட் மட்டும்தான்.

முதலில் எளிதானது. விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸர் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே தெரியாது. 95, 98, எம்இ மூன்றும் ஒரே ப்ராசஸரை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் பயன் இல்லை. இரண்டையும் வேலை வாங்க விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000, லினக்ஸ், பீஓஎஸ் (BeOS) போன்ற ஒன்று வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது விண்டோஸ் 2000. அதை எப்படிப் போடுவது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த 566-ஐ ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செலரான் என்பது இன்டெல்லின் மலிவு ரகம். இரண்டு ப்ராசஸர் வேண்டுமென்றால் விலை கூடிய பெண்டியம் 2, 3 வாங்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. ஆனால் மெண்டோசினோ என்ற பெயரில் வந்த செலரான்களின் சில்லுக்குள் இரட்டையாக ஓடும் வசதி அப்படியே இருந்தது. ஸ்லாட் 1 அட்டையில் வந்தவற்றில் அதற்கான ஒரு சிக்னலை மட்டும் இணைக்காமல் விட்டிருந்தார்கள். ஆர்வலர்கள் அந்த அட்டையில் துளை போட்டு, மயிரிழை ஒயரைப் பற்றவைத்து அதை இணைத்துக்கொண்டார்கள். பிறகு சதுர வடிவ சாக்கெட் 370 செலரான் வந்தது. 1999-ல் வந்த பிபி6 அந்த இணைப்பைப் போர்டிலேயே கொடுத்துவிட்டது. துளையும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். கடையில் வாங்கிய இரண்டு செலரானைச் சொருகினால் போதும். இந்தப் போர்டுக்கு இன்றும் ஒரு கூட்டம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த தலைமுறையான காப்பர்மைன் செலரானில் இன்டெல் அந்தக் கதவைச் சில்லுக்குள்ளேயே அடைத்துவிட்டது. 566 அந்த வகை. பார்க்க அதே சதுரம், அதே சாக்கெட் போலத்தான் இருக்கும். ஆனால் பின் இணைப்பும் வோல்டேஜும் வேறு, அடாப்டர் இல்லாமல் பிபி6-ல் எழாது. அடாப்டர் போட்டாலும் இரட்டையாக ஓடாது. உங்களிடம் இருக்கும் 366 மெண்டோசினோ வகை, அதுதான் இதற்குச் சரியான ஜோடி. இரண்டின் மேலும் எஸ்எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். அது இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நல்லது.

இனி ரீஸ்டார்ட். சந்தேகப்பட வேண்டியவர்கள் இருவர். ஒருவர் உங்கள் புதிய எஸ்எம்பிஎஸ், இன்னொருவர் போர்டில் இருக்கும் கண்டன்சர்கள்.

450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அதனால் இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸின் பலமெல்லாம் 12 வோல்ட் பக்கம். 1999-ன் போர்டு அப்படி இல்லை. ப்ராசஸருக்கான மின்சாரத்தை அது 5 வோல்ட் லைனிலிருந்து எடுக்கிறது. ஒரு செலரானுக்கு ஏறக்குறைய 20 வாட் என்றால் இரண்டுக்கும் 40. கார்டு, ராம், டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் 12 வோல்ட் சும்மா இருக்க, 5 வோல்ட் மட்டும் முதுகு ஒடிய உழைக்கும். விலை மலிந்த எஸ்எம்பிஎஸ்களில் 5-ம் 12-ம் ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் 5 வோல்ட் இறங்கும், 12 வோல்ட் ஏறும்.

இதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சும்மா தொங்கும் ஒரு நாலு பின் டிஸ்க் கனெக்டரில் கருப்பில் ஒரு முனை, சிவப்பில் ஒரு முனை. கேமை ஓடவிட்டுப் பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும். டெஸ்க்டாப்பில் 5.02 காட்டிய எஸ்எம்பிஎஸ் ஒன்று, கேம் ஆரம்பித்ததும் 4.6-க்குப் போனதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரில் 12.7. லேபிளில் என்னவோ பெரிய எண்தான் போட்டிருந்தது. நீங்கள் புதிதாக வாங்குவதானால் லேபிளில் மொத்த வாட்டைப் பார்க்காதீர்கள். 5 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20-க்குக் குறைந்தால் வேண்டாம். 5 வோல்ட்டை 12-லிருந்து தனியாகப் பிரித்துக் கொடுக்கும் டிசி-டிசி வகை கிடைத்தால் இன்னும் நல்லது. 24 பின் பிளக்கைப் பழைய 20 பின் சாக்கெட்டில் சொருகலாம். மிச்சம் நாலு பின் வெளியே தொங்கும், அவ்வளவுதான். கடையின் பரணில் இருக்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மாட்ட நினைத்தால், ஒரு வார்த்தை: பிராண்டட் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய சிலவற்றில் பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் ஒயர் வரிசை வேறு. மாட்டினால் போர்டு போய்விடும். மீட்டரில் ஒவ்வொரு பின்னாகப் பார்க்காமல் சொருகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் சரி என்றால் அடுத்தது கண்டன்சர். 1999 முதல் சில வருடங்கள் வந்த போர்டுகள் பலவற்றுக்கு இது பொதுவான நோய். இரண்டு ப்ராசஸர் சாக்கெட்டுகளையும் சுற்றி நிற்கும் உருளைகளின் தலையை வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி லேசாக உப்பியிருந்தாலும், அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலும் அது செத்த கண்டன்சர். உப்பாமலே செத்தவையும் உண்டு. அதனால் நான் செய்வது, ஒன்று உப்பியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது.

புதியது வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது ஒரு படி கூட, 105 டிகிரி, 'லோ ஈஎஸ்ஆர்' (உள்மின்தடை குறைந்த) வகை. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஃபேன் ரெகுலேட்டர், டிவி ரிப்பேருக்கு விற்கும் சாதாரண ரகம் இங்கே ஒரு வாரம் தாங்காது. பானசோனிக், நிச்சிகான், ரூபிகான் என்று பெயர் போட்ட போலிகளும் உலவுகின்றன, நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். கண்டன்சரின் உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் வெள்ளை அடித்த பாதி எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பாதீர்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது. மைனஸ் கால் போர்டின் உள்ளே இருக்கும் அகலமான செம்புத் தகட்டோடு ஒட்டியிருப்பதால் சூடு முழுவதையும் அது குடித்துவிடும். 60 வாட், அகலமான முனை. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் சீக்கிரம் உருகும். ஒரு காலைச் சூடாக்கி லேசாகச் சாய்க்கவும், மறு காலைச் சூடாக்கி மறு பக்கம் சாய்க்கவும். பல் பிடுங்குவது போல நாலைந்து முறையில் வெளியே வந்துவிடும். பலம் போட்டு இழுத்தால் ஓட்டையின் உள்சுவர் செம்பும் கூட வரும், அதோடு போர்டு முடிந்தது. அடைத்துக்கொண்ட ஓட்டையை, சூடாக்கியபடியே பல் குத்தும் குச்சியால் திறக்கலாம். ஈயம் மரத்தில் ஒட்டாது. இதுவரை சால்டரிங் செய்ததில்லை என்றால் இந்தப் போர்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். செல்போன், டிவி போர்டு பார்க்கும் மெக்கானிக்கிடம் கண்டன்சரை நீங்களே வாங்கிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

ராம் விஷயம் சின்னது. பிபி6-ல் ராமைக் கையாளுவது இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட். 256 எம்பி ராமில் 16 கருப்புச் சில்லுகள் இருந்தால் முழுசாக எடுத்துக்கொள்ளும். எட்டே சில்லு இருந்தால் பாதியைத்தான் பார்க்கும். உங்களுடையதை எண்ணிப் பாருங்கள், எட்டுதான் இருக்கும். 16 சில்லு உள்ளதைத் தேடிப் பிடியுங்கள், அல்லது 128-ஆகவே இரண்டு மூன்று போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஸ்லாட் இருக்கிறது.

இப்போது விண்டோஸ் 2000. பயாஸில் எம்பிஎஸ் வெர்ஷன் (பல ப்ராசஸர்களுக்கான இன்டெல் விதிமுறையின் பதிப்பு) என்று ஒன்று இருக்கும், 1.4 என்று வையுங்கள். போர்டில் டிஸ்க் மாட்டும் ஐடிஇ கனெக்டர் நாலு இருக்கும். இரண்டு இன்டெல்லுடையது, இரண்டு எச்பிடி366 என்ற தனிச் சில்லுடையது. பின்னது வேகம் கூடியது. ஆனால் அதற்கு மாட்டினால் செட்டப் ஆரம்பத்தில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். அந்தத் தலைவலி இல்லாமல் டிஸ்க்கை இன்டெல் கனெக்டரிலேயே மாட்டுங்கள். பழைய பயாஸ் பெரிய டிஸ்க்கைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடலாம், 32 ஜிபிக்குள் இருப்பது நல்லது. காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை அடாப்டரில் மாட்டுகிறவர்கள் கவனிக்க: கேமராவுக்கான கார்டுகள் சில, தங்களைக் கழற்றும் டிஸ்க் என்று சொல்லிக்கொள்ளும், விண்டோஸ் 2000 அதைப் பிடிவாதமாக மறுக்கும்.

இரண்டு ப்ராசஸரும் சாக்கெட்டில் இருக்கும்போதே செட்டப்பை ஓட்டுங்கள். விண்டோஸ் எந்த மாதிரி இயந்திரம் என்று அப்போதுதான் தீர்மானித்து, அதற்கேற்ற அடித்தளத்தைப் போடுகிறது. ஒற்றை ப்ராசஸரில் போட்டுவிட்டு அப்புறம் இரண்டாவதைச் சொருகினால் அது பாட்டுக்குத் தூங்கும். முடிந்ததும் டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்ற வரியைப் பிரித்துப் பாருங்கள். 'மல்டிப்ராசஸர் பிசி' என்று முடிந்தால் வேலை முடிந்தது. 'எம்பிஎஸ் மல்டிப்ராசஸர்' என்று வந்திருந்தால் ஷட்டவுன் செய்தபின் மெஷின் தானாக அணையாது, பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். கோளாறு அல்ல.

கண்ணால் பார்க்க வேண்டுமா? டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்களில் இரண்டு பச்சைக் கோடுகள் ஓடும். ப்ராசஸ் பட்டியலில் ஏதாவது ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'செட் அஃபினிட்டி' என்று ஒரு வரி வரும். ஒற்றை ப்ராசஸர் மெஷினில் அந்த வரியே இருக்காது. ஒரு எம்பி3 மாற்றும் வேலையை முதல் ப்ராசஸருக்கும் இன்னொன்றை இரண்டாவதுக்கும் கட்டிவிட்டு, மௌஸை அசைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் 98-ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டாஸ் கேம்களுக்கு அதுதான் வேண்டும். முதல் பார்ட்டிஷனில் 98, அடுத்ததில் 2000 என்று அந்த வரிசையில் போட்டால், எதில் போவது என்று 2000-ன் மெனுவே கேட்கும்.

வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலானவை ஒரே ப்ராசஸரில்தான் ஓடும். 1999 டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனா விதிவிலக்கு; கன்சோலில் 'ஆர்_எஸ்எம்பி' என்பதை 1 ஆக்கினால் படம் வரையும் வேலையை இரண்டாவது ப்ராசஸருக்குத் தள்ளும். கிராபிக்ஸ் டிரைவரைப் பொறுத்துச் சில நேரம் கூடும், சில நேரம் கிராஷ் ஆகும். நிஜமான லாபம் வேறு இடத்தில்: ஒரு வேலை மூச்சுமுட்டும்போதும் மெஷின் மற்றதற்கு வழிவிடும்.

ஓவர்கிளாக், அதாவது ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது? 366-ன் பஸ்ஸை (போர்டோடு அது பேசும் பாதையை) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 550 கிடைக்கும். பிபி6 வாங்கியவர்கள் பலரும் செய்தது அதுதான். எனக்கு அதில் இப்போது ஆர்வம் இல்லை, கண்டன்சர் மாற்றாத போர்டில் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. மாற்றிய பிறகு ஆசைப்பட்டால் 100 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் பிசி100 ராம், பயாஸில் ஏஜிபி (கிராபிக்ஸ் ஸ்லாட்) விகிதம் 2/3, இரண்டு ப்ராசஸருக்கும் 60 மில்லிமீட்டர் ஃபேனோடு ஹீட்சிங்க், பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதியது. இரண்டில் ஒன்று மட்டும் 550 தாங்காமல் போகலாம். அப்போது இரண்டும் கீழே இறங்க வேண்டியதுதான்.

இந்த மெஷினில் நெட் பார்க்க முயல வேண்டாம். பிற்காலச் சில்லுகளில் வந்த எஸ்எஸ்ஈ கட்டளைகள் மெண்டோசினோவில் இல்லாததால் இன்றைய பிரவுசர் எதுவும் திறக்காது. விண்டோஸ் 2000-க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் 2010-லேயே நின்றுவிட்டது. டிரைவர்களை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, சிடியில் எழுதிக் கொண்டுவாருங்கள்.