தேங்காய், வெனிலா மணமுள்ள லேசான இனிப்பு பெர்ஃப்யூமை வெயில் காலத்தில் போடலாமா, திகட்டாதா?

தாராளமாகப் போடலாம். திகட்டுவது பெரும்பாலும் அளவாலும் போடும் இடத்தாலும்தான்.

தின்பண்ட வாசனையுள்ள இந்த வகைக்கு கூர்மாண்ட் என்று பெயர். 1992-இல் வந்த முக்லர் பிராண்டின் ஏஞ்சல் பெர்ஃப்யூம்தான் இதைப் பிரபலமாக்கியது. அதில் பஞ்சுமிட்டாய் மணம் தருவது எத்தில் மால்டால் என்ற வேதிப்பொருள். ஆனால் அது கனமான வாசனை. நீங்கள் கேட்பது அதைவிட லேசானது: தேங்காய் மணத்துக்கு காமா நோனாலாக்டோன் என்ற வேதிப்பொருள், அடியில் வெனிலா மணம் தரும் வெனிலின், மேலே அன்னாசியோ எலுமிச்சையோ. பழ வாசனை சீக்கிரம் பறந்துவிடும். மெதுவாக ஆவியாகும் வெனிலின் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் கடையில் அடித்தவுடன் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டில் போட்டுக்கொண்டு அரைநாள் சுற்றுங்கள். மிச்சமிருக்கும் வாசனை பிடித்தால் வாங்குங்கள்.

உடம்புச் சூட்டில் எல்லாமே வேகமாக ஆவியாகி, இனிப்பு தூக்கலாகத் தெரியும். அதனால் கழுத்தை விட்டுவிடுங்கள். முழங்கை மடிப்பில் ஒரு தடவை, துப்பட்டா ஓரத்தில் ஒரு தடவை போதும். வெனிலின் நாளாக ஆகப் பழுப்பாகும், வெள்ளைத் துணியில் மட்டும் வேண்டாம். வியர்வை மேல் அடிக்கவே கூடாது. குளித்துத் துவட்டிய உடம்பில், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன் மேல் போட்டால் நன்றாக நிற்கும்.

அப்புறம், தலையில் தேங்காய் எண்ணெயும் மல்லிகையும் இருந்தால் மோதுமோ என்று பயப்பட வேண்டாம். தேங்காயும் பூவும் ஒத்துப்போகும்: தஹிதித் தீவின் மொனோய் என்ற வாசனை எண்ணெயே தியாரே என்ற வெள்ளை வாசனைப் பூவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் செய்வதுதான்.