ஊட்டியில் 91, கோவையில் 96: எந்தக் கருவியை நம்புவது?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. பல வருடம் பீடி பிடித்தவர்; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்ஹேலர் எடுக்கிறார். ஊட்டியில், வீட்டு ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி) காலையில் 91 காட்டுகிறது. கோவை மருத்துவமனையில் 96. வீட்டுக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா, டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே இங்கே அளவு சற்றுக் குறையும். அவருக்கு இன்னும் இறங்குவதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் கருவியின் பிழை. அட்டைப்பெட்டியில் 'கூடுதல் குறைவு 2' என்று போட்டிருந்தால், எப்போதும் இரண்டுக்குள் நிற்கும் என்று அர்த்தமில்லை. மூன்றில் இரண்டு பங்கு அளவுகள் அதற்குள் வரும், மீதி தாண்டும். அந்தக் கணக்கும் எப்படிக் கிடைக்கிறது? ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, கருவி காட்டும் எண்ணைத் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தின் அளவோடு ஒப்பிடுவார்கள். அமெரிக்க அரசின் 2013 வழிகாட்டுதல் கேட்டதே குறைந்தது 10 பேர், 200 அளவுகள்தான். கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020இல் வந்த ஆய்வுக்குப் பிறகுதான் பெரிய விவாதமானது. நம் ஊரில் இதை யாரும் பேசுவதே இல்லை! உறைபனிக் காலையில் விறைத்துப்போன முதியவரின் விரல் அந்தச் சோதனைக்கூடத்தில் இருந்திருக்காது. விரல் ஜில்லென்றிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து எண் தாறுமாறாகும்.

ஆகவே கையைச் சூடுபடுத்தி, ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். மருதாணி, நகப்பூச்சு கூடாது. கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். அடுத்த முறை கருவியைக் கையோடு கொண்டுபோய், மருத்துவமனைக் கருவியோடு ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் தமனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஊட்டியில் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அதிலிருந்து மூன்று நான்கு இறங்கி அப்படியே நின்றாலோ, 88க்குக் கீழே போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவி 95 காட்டினாலும் சரி, கிளம்புங்கள். வீட்டில் சிலிண்டர் இருந்தால் எண்ணைப் பார்த்து நீங்களாகவே ஆக்சிஜனைக் கூட்டாதீர்கள். இந்த நோயில் அது கரியமில வாயுவை ரத்தத்தில் தேக்கிவிடக்கூடும்.